கம்பிக்கு யார் வாடகை கொடுப்பது?

ஒரு சின்னக் கேள்வி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஈ.பி. பில் கட்டுகிறீர்களே, எதற்காகக் கட்டுகிறீர்கள்?

‘இதென்ன கேள்வி? கரண்ட் எரித்தேன், கட்டுகிறேன்’ என்பீர்கள். ஓரளவுக்குத்தான் சரி. நீங்கள் எரித்த கரண்ட்டுக்கான நிலக்கரி அந்தப் பணத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் வேறு செலவு. வடசென்னையிலும் மேட்டூரிலும் நிற்கிற அனல்மின் நிலையங்களைக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி, வயல் நடுவே கால் பரப்பி நிற்கும் டவர்கள், சப்-ஸ்டேஷன், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், ராத்திரி பதினோரு மணிக்குக் கொட்டுகிற மழையில் கம்பம் ஏறுகிற லைன்மேனின் சம்பளம், ரிடையர் ஆனவரின் பென்ஷன். நீங்கள் ஃபேன் போட்டாலும் போடாவிட்டாலும் இந்தச் செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளுக்கு இது பழகிய விஷயம். ஒன்று ஃபிக்ஸட் காஸ்ட், இன்னொன்று வேரியபிள் காஸ்ட். உற்பத்தி கூடினால் கூடுகிற செலவு ஒரு பக்கம். கடையைத் திறந்து வைத்த பாவத்துக்கு ஆகிற செலவு இன்னொரு பக்கம். பரீட்சைக்குப் படிக்கும்போது வறட்டுச் சமாசாரமாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு தர்ம சங்கடம் ஒளிந்திருப்பதை எந்த புரொபஸரும் சொல்லவில்லை.

அந்தச் சங்கடத்தைப் புரிந்துகொள்ள, திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்குப் போவோம், வாருங்கள். கற்பனை மெஸ்தான்.

மேன்ஷன் பேச்சிலர்கள் நூறு பேர் சாப்பிடுகிறார்கள். வாடகை, சமையல்காரர் சம்பளம், பாத்திர பண்டம் என்று மாதம் ஒரு லட்ச ரூபாய் நிரந்தரச் செலவு. அரிசி, பருப்பு தனி. ஆக, நிரந்தரச் செலவுக்காக மட்டும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் விழுகிறது. ஒரு நாள் முப்பது பேர் எலெக்ட்ரிக் குக்கர் வாங்கி ரூமிலேயே சமைக்க ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் பணம், அவர்கள் சமையல், தப்பே இல்லை. ஆனால் அடுத்த மாதம் மிச்சமிருக்கும் எழுபது பேருக்கும் ஆயிரம் என்பது 1,429 ஆகிவிடுகிறது. ‘அநியாயமாக ஏத்திட்டான்யா’ என்று இன்னும் இருபது பேர் குக்கர் வாங்கிவிடுகிறார்கள். இப்போது ஐம்பது பேர், ஆளுக்கு இரண்டாயிரம்!

யார் அந்த ஐம்பது பேர்? குக்கர் வாங்கக் காசில்லாதவர்கள், குக்கர் வைக்க ரூமில் இடமில்லாதவர்கள்.

கதை இதோடு முடியவில்லை. குக்கர் வாங்கின ஐம்பது பேரும் மெஸ்ஸைக் கைவிட்டுவிடவில்லை. ‘ஜுரம் வந்தா, கேஸ்ட் வந்தா, குக்கர் ரிப்பேரானா வருவோம். எங்க இலையை மட்டும் எப்பவும் போட்டு வை’ என்கிறார்கள். வந்து சாப்பிட்ட அன்றைக்கு மட்டும் காசு கொடுப்பார்களாம்!

மின்சார விஷயத்தில் நம் ஊர், நம் நாடு, ஏன் உலகமே இன்றைக்கு இந்த மெஸ் வாசலில்தான் நிற்கிறது.

*

‘எதிர்காலத்தில் எவ்வளவு கரண்ட் தேவைப்படும்?’ என்று கணக்குப் போடுவதற்கென்றே டெல்லியில் மத்திய மின்சார ஆணையம் இருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை மின்தேவை ஆய்வு என்று ஒரு தடிமனான அறிக்கை வெளியிடும். அதன் 18வது அறிக்கை 2011 டிசம்பரில் வந்தது. 2021-22ல் நாட்டின் உச்சபட்சத் தேவை ஏறக்குறைய 2.83 லட்சம் மெகாவாட்டாக இருக்கும் என்றது. அந்த வருடம் வந்தபோது நிஜமான உச்சம் 2 லட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். வித்தியாசம் 80,000 மெகாவாட். தமிழ்நாடு மாதிரி நாலு மாநிலங்களின் தேவை காணாமல் போய்விட்டது!

இந்த மாதிரி எதிர்பார்ப்புகளை நம்பித்தான் அந்தக் காலகட்டத்தில் அனல்மின் நிலையங்கள் வரிசையாக முளைத்தன. 2009-10ல் நாட்டின் அனல்மின் நிலையங்கள் சராசரியாகத் தங்கள் திறனில் 77 சதவிகிதம் ஓடின. 2016-17ல் அது 60 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது. 2018ல் ஒரு நாடாளுமன்றக் குழு, 34 அனல்மின் திட்டங்கள், சுமார் 40,000 மெகாவாட், திண்டாட்டத்தில் இருப்பதாகப் பட்டியல் போட்டது. நிலக்கரி கிடைக்காதது, வாங்க ஆள் இல்லாதது, கடன் என்று காரணங்கள் பல. கட்டிய நிலையம் சும்மா நின்றாலும் வட்டி நிற்காது. அந்தச் சுமை வங்கிகளின் வாராக்கடனிலும், மாநில வாரியங்கள் போட்ட நீண்டகால ஒப்பந்தங்களிலும் வந்து உட்கார்ந்தது. கடைசியில் உங்கள் பில்லிலும்தான்.

கணிப்பவர்களைக் கேலி செய்யவில்லை. அவர்கள் வேலை அவ்வளவு கஷ்டம். 2020 ஏப்ரல் 5, கொரோனா ஊரடங்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணையுங்கள் என்றார் பிரதமர். எவ்வளவு தேவை குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். 12,000 முதல் 14,000 மெகாவாட் என்று வந்தது. குறைந்தது சுமார் 31,000! நல்லவேளையாக நீர்மின் நிலையங்களை சட்டென்று குறைத்து, ஏற்றிச் சமாளித்துவிட்டார்கள். தேதியும் நேரமும் சொல்லிவிட்டு நடந்த ஒன்பது நிமிடக் கூத்துக்கே இந்தக் கதி என்றால், பத்து வருடம் தள்ளி என்ன ஆகும் என்பதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 2.50 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. அடுத்த கோடையில் 2.70 லட்சம் வரை போகலாம் என்றார்கள். 2025ல் மழை முந்திக்கொண்டது. அந்தக் கோடை 2.43 லட்சத்தோடு முடிந்துபோனது. 2031-32க்கு 3.66 லட்சம் என்கிறது 20வது ஆய்வு. பார்ப்போம்.

ஏன் இவ்வளவு குழப்பம்? ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள்.

ஏற்றுகிற பக்கம் முதலில் ஏ.சி. இந்தியாவில் இன்னும் பத்தில் ஒரு வீட்டுக்குத்தான் ஏ.சி. வந்திருக்கிறது என்கிறார்கள். மிச்ச ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் மே மாதம் வேர்க்கத்தான் செய்கிறது. அடுத்தது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். சுமார் மூன்று யூனிட் ஏற்றினால் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் பங்க்குக்குப் போன காசு இனி பிளக் பாயின்ட்டுக்கு வரும். மூன்றாவது, டேட்டா சென்டர். சென்னையைச் சுற்றி இவை பெருகி வருகின்றன. ஒரு நூறு மெகாவாட் டேட்டா சென்டர் இரவு பகல் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிற குடும்பங்களாகப் பார்த்தால், ஏழு லட்சம் குடும்பங்களின் கரண்ட்! நீங்கள் காலையில் ஃபார்வர்டு செய்கிற ‘குட்மார்னிங்’ ரோஜாப்பூ படமும் அந்த மாதிரி ஏதோ ஒரு கட்டடத்தில்தான் பத்திரமாக இருக்கிறது.

இறக்குகிற பக்கம் எல்.இ.டி. பல்பு. பழைய 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை 9 வாட்டில் செய்துவிடுகிறது. 2015ல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாகியிருக்கின்றன. பழைய ஃபேன் 75 வாட். புதிதாக வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சொச்சம்தான். இதையெல்லாம்விடப் பெரிய இழுப்பு ஒன்று இருக்கிறது: மொட்டை மாடி. வடகம் காயப்போட்ட இடத்தில் சோலார் தகடு! 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம்.

‘எவ்வளவு தேவைப்படும்’ என்ற கேள்வியை நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் அதிகம் பேசாத கேள்வி ஒன்று இருக்கிறது. யார் ஈ.பி. கம்பியிலேயே தங்கப் போகிறார்கள், யார் விலகப் போகிறார்கள் என்பது. அது எஞ்சினீயரிங் கேள்வி இல்லை. உங்களையும் என்னையும் பார்த்துக் கேட்கிற கேள்வி.

*

சென்னை புறநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்ட நண்பர் ஒருவர் மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் வருகிறதாம். பகலில் வீட்டில் ஆள் இல்லை, எல்லாம் ஈ.பி. கம்பிக்குப் போகிறது. ராத்திரி ஏ.சி.க்குக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் பில். அது கிட்டத்தட்ட பூஜ்யம். கல்யாண ஆல்பம் மாதிரி அந்த பில்லைக் காட்டுகிறார்.

“என் காசு, என் மாடி. சூரியன் யாரோட அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. நான் யாருக்கு என்ன கடன்பட்டேன் சொல்லு?” என்றார்.

அவர் மாடிக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் ஒரு வாடகைக் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், சப்-மீட்டர் என்று ஒரு ஜீவராசி உண்டு. வீட்டுக்காரர் வைப்பதுதான் ரேட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், சில இடங்களில் பத்து. 2016லிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். சப்-மீட்டர் குடித்தனக்காரருக்குப் பெரும்பாலும் அதுவும் போய்ச் சேருவதில்லை. அவருக்கு மொட்டை மாடி கிடையாது. சோலார் போடலாமா என்று கேட்டால் ‘முதல்ல அட்வான்ஸை ஏத்திக் குடு’ என்பார்கள்.

மேலே பில் பூஜ்யம், கீழே யூனிட் பத்து ரூபாய். இரண்டுக்கும் ஒரே கம்பி, ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே லைன்மேன்.

நண்பர் செய்தது தப்பா? இல்லவே இல்லை. புகை இல்லாத மின்சாரம், பகல் நேரத் தேவையைக் குறைக்கிறது, பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் ராத்திரி ஏழு மணிக்குச் சூரியன் அவர் மாடியில் இல்லை. நவம்பர் மழையில் நாலு நாள் மூட்டம் போட்டால் தகடு சோம்பிவிடும். அந்த நேரத்தில் கை கொடுப்பதற்காக ஒரு நிலையம் எங்கோ தயாராக நிற்கிறது. ‘எங்க இலையை மட்டும் எப்பவும் போட்டு வை’ என்றார்களே, அந்த இலை!

நம் வீடுகளுக்கு இந்த இலைக்கு வாடகையே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. முன்பு பில்லில் சிறிய தொகையாக நிலைக்கட்டணம் என்று ஒன்று இருந்தது. 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் வீடுகளுக்கு அது எடுக்கப்பட்டது. யூனிட் ரேட்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். ஆகவே யூனிட் எடுக்காதவர் கம்பிக்கும் கொடுப்பதில்லை.

இதில் வீட்டு மாடிகள் சின்ன மீன். பெரிய மீன்கள் எப்போதோ நகர ஆரம்பித்துவிட்டன. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகள் 1990களிலிருந்தே முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் சொந்தக் காற்றாலை போட்டுக்கொண்டன. 2003ம் வருட மின்சாரச் சட்டம் சொந்த உற்பத்திக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. அந்த ஆலைகளைக் குறை சொல்லவும் முடியாது. தொழிற்சாலையிடம் கூடுதலாக வாங்கித்தான் குடிசைக்கும் சின்ன வீட்டுக்கும் குறைத்துக் கொடுக்கிற ஏற்பாடு நம்முடையது. அந்தக் கூடுதல் கட்டணத்தோடு 2008லிருந்து சில வருடங்கள் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் இருட்டில் கிடந்த 2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். விலையும் ஜாஸ்தி, சரக்கும் இல்லை என்றால் எந்த வாடிக்கையாளர் நிற்பார்?

*

இந்தக் கதை முற்றிப்போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் போகவேண்டாம். பாகிஸ்தானைப் பாருங்கள்.

அங்கே தனியார் மின்நிலையங்களோடு போட்ட ஒப்பந்தங்கள், கரண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்குப் பணம் உண்டு என்ற ரகம். அந்த நிரந்தரச் செலவு மக்கள் தலையில் ஏறி, கட்டணம் தாறுமாறாக உயர்ந்தது. அதே நேரம் சீனாவின் சோலார் தகடு விலை தரையில் விழுந்தது. விளைவு, 2024 ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் தகடுகளை இறக்குமதி செய்தார்கள். அரசாங்கம் ஊர்வலம் விட்டு நடத்திய புரட்சி இல்லை. பங்களாக்காரர், ஆலைக்காரர், பம்ப்செட் விவசாயி என்று காசு புரட்ட முடிந்த ஒவ்வொருவரும் தானாகக் கிளம்பிவிட்டார். கம்பியில் விற்பனை குறைந்தது. எரிவாயு தேவை குறைந்து, கத்தார் கப்பல்களை ‘இப்போ வேண்டாம், அப்புறம் அனுப்புங்கள்’ என்று தள்ளிப்போடவேண்டி வந்தது. நிலையங்களுக்கான நிரந்தரச் செலவு மட்டும் தள்ளிப் போகவில்லை. அது கம்பியை விட்டு நகர முடியாதவர்களின் பில்லுக்குப் போனது.

ஒரு பக்கம் பார்த்தால் சூரிய சக்தியின் மகத்தான வெற்றி. இன்னொரு பக்கம் அதே மெஸ், அதே ஐம்பது பேர்.

சரி, என்னதான் நியாயம்? பேலன்ஸ் ஷீட் பார்க்கிற பழக்கத்தில் எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஈ.பி. நம்மிடம் கேட்கிற பணத்தை மூன்று தலைப்பில் பிரித்து எழுதிப் பார்க்கலாம்.

முதல் தலைப்பு: கம்பிச் செலவு. இது கம்பியோடு தொடர்பு வைத்திருக்கிற எல்லோருடைய கடன். ஒரு யூனிட்கூட எடுக்காவிட்டாலும், ‘வேண்டும்போது வரும்’ என்ற நம்பிக்கையை வாங்கியிருக்கிறோம். எல்.ஐ.சி. பிரீமியம் கட்டிவிட்டு, ‘இந்த வருடம் நான் சாகவில்லையே, பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று யாராவது கேட்கிறோமா? இந்த வாடகையை வெளிப்படையாகத் தனியாகக் கேட்கவேண்டும். எவ்வளவு பெரிய இணைப்போ அவ்வளவு வாடகை என்று அளந்து கேட்கவேண்டும். மாடிச் சோலாருக்கு நெட்வொர்க் கட்டணம் என்ற பேச்செடுத்தாலே சின்னத் தொழில்காரர்கள் கொதிக்கிறார்கள். எவ்வளவு என்பதில் அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கலாம். ஆனால், வாடகையே கிடையாது என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

இரண்டாவது தலைப்பு: சலுகை. குடிசைக்கு விளக்கு, விவசாயிக்கு இலவச மின்சாரம், வீட்டுக்கு நூறு யூனிட். தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று வந்தது 1990ல். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகள் அப்படி ஓடுகின்றன. இது கொடுக்கவேண்டுமா, வேண்டாமா என்று அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் இடமில்லை. கொடுப்பது என்று ஒரு சமூகம் முடிவு செய்தால், அது சமூகம் முழுவதின் கடன், அவ்வளவுதான். வரிப் பணத்திலிருந்து முழுசாக, நேரத்தோடு வாரியத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அடுத்த தெரு மாவு மில்காரர் பில்லில் சத்தமில்லாமல் ஏற்றினால், அவர் மில்லில் சோலார் போட்டுக்கொண்டு சலுகையையும் சேர்த்துக் கழற்றிவிட்டுவிடுவார். தர்மம் செய்கிறவன் தன் பையிலிருந்து எடுக்கவேண்டும், பக்கத்து ஆள் பையிலிருந்து அல்ல.

மூன்றாவது தலைப்பு: தப்புக் கணக்கு. தேவைக்கு மேல் போட்ட ஒப்பந்தங்கள், வருடக்கணக்கில் இழுத்தடித்துக் கட்டிய நிலையங்கள், திருட்டு, ஓட்டைக் கம்பி, தேர்தலுக்காகத் தள்ளிப்போட்ட கட்டண மாற்றங்கள், அதனால் குட்டி போட்ட வட்டி. தமிழ்நாட்டு மின்விநியோகக் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது இதுமாதிரிக் காரணங்கள் எல்லாம் சேர்ந்துதான். இதை என் நண்பர் ஏன் சுமக்கவேண்டும்? சுமக்கவேண்டாம்! தரைத்தளக் குடித்தனக்காரர் ஏன் சுமக்கவேண்டும்? அவரும் வேண்டாம். இது கேள்வி கேட்டு, கணக்குக் கேட்டு, குறைக்கவேண்டிய தலைப்பு.

நம் பில்லில் இந்த மூன்றும் சாம்பாரில் பருப்பும் புளியும்போல ஒன்றாகக் கரைந்து கிடக்கின்றன. அதனால்தான் நண்பர் மூன்றாவதன் மேல் உள்ள கோபத்தில் முதலாவதையும் கொடுக்க மறுக்கிறார். வாரியம், முதலாவதைக் காட்டி மூன்றாவதையும் வசூலிக்கப் பார்க்கிறது.

*

பணம் மட்டும்தான் பிரச்னை என்றால் இதோடு நிறுத்திவிடலாம். விலகிப்போகிறவர்கள் தங்களோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுடைய குரல்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்று ஒரு பொருளாதார அறிஞர். 1970ல் ‘எக்ஸிட், வாய்ஸ் அண்ட் லாயல்டி’ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நைஜீரியாவில் ரயில்வே மோசமாக இருந்தது. போட்டிக்கு லாரிகள் வந்தன. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதானே காமர்ஸ் புத்தகம் சொல்லும்? திருந்தவில்லை. ஏனென்றால், சத்தம் போட்டுச் சட்டையைப் பிடிக்கக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்கத் தெம்பில்லாதவர்கள். ரயில்வேக்கு நிம்மதி!

இதற்கு நைஜீரியா வரை போகவேண்டியதில்லை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்திலிருந்து நம் பிள்ளைகளை எப்போது எடுத்தோம்? குழாய்த் தண்ணீரை விட்டு எப்போது கேனுக்கு மாறினோம்? ஒவ்வொன்றும் அந்தந்தக் குடும்பத்துக்கு நியாயமான முடிவுதான். ஒவ்வொரு முறையும் புகார் மனு எழுதத் தெரிந்த நாலு பேர் அந்த இடத்தை விட்டுப் போனார்கள். மின்வெட்டுக் காலத்தில் என்ன நடந்தது? முதல் ஆறு மாதம் ஃபியூஸ் ஆஃப் கால் ஆபீஸ் போன் ஓயாமல் அடித்தது. பிறகு வசதியான வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. அந்தத் தெருக்களில் கோபம் பேட்டரிக்குள் அடங்கிவிட்டது. ‘எத்தனை மணிக்குப் போகும்னு கரெக்டா சொல்லிட்டா போதும் சார்’ என்கிற அளவுக்கு இறங்கி வந்துவிட்டோம்.

நம்மிடம் மிச்சமிருக்கும் பொதுச் சொத்துக்களில் கம்பி அபூர்வமானது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னிந்தியக் கம்பி வடக்கோடு சேர்ந்தது. அன்றிலிருந்து இந்தத் தேசம் முழுக்க ஒரே மின்துடிப்பு, விநாடிக்கு ஐம்பது. நாகர்கோவில் ஃபேனும் ஸ்ரீநகர் ஹீட்டரும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. குஜராத்தில் ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்றால், அந்த அதிர்ச்சியில் ஒரு துளியை உங்கள் வீட்டு மிக்ஸியும் தாங்கிக்கொள்கிறது. ஜாதி, மதம், மொழி எதுவும் கேட்காமல் நூற்று நாற்பது கோடிப் பேர் ஒருவரை ஒருவர் இப்படித் தாங்குகிற ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது?

அதற்காக, சோலார் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள். காசிருந்தால் பேட்டரியும் வாங்குங்கள். போட்ட பிறகும் கம்பியின் உறுப்பினராகவே இருங்கள் என்பதுதான் என் கட்சி. மூன்று காரியங்கள் செய்யலாம்.

கம்பிக்கு நியாயமான வாடகை கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஏன் இவ்வளவு என்று கணக்கும் கேளுங்கள்.

இரண்டாவது, எவ்வளவு எரிக்கிறோம் என்பதோடு எப்போது எரிக்கிறோம் என்றும் பாருங்கள். பகலில் நாடு முழுக்க சோலார் கொட்டுகிறது. இருட்டின பிறகுதான் இழுபறி. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்த மாதிரி உச்சங்களுக்காக வருடத்தில் சில மணி நேரமே ஓடும் நிலையங்களை வருடம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்கிறோம். வாஷிங் மெஷினையும் மோட்டாரையும் மத்தியானம் போட்டால், ஸ்கூட்டரை ஆபீஸிலேயே பகலில் சார்ஜ் செய்தால், ராத்திரி ஏ.சி.யை 18க்குப் பதில் 24ல் வைத்தால், அந்த உச்சி கொஞ்சம் மழுங்கும். முதல் முறையாக ஒரு ஏர் கூலராவது வாங்கலாமா என்று கணக்குப் போடுகிற ஒரு குடும்பத்துக்கு அந்த இடம் கிடைக்கும். தேவை உயர்வது எல்லாமே ஊதாரித்தனம் இல்லை. இத்தனை வருடம் விசிறிமட்டையோடு இருந்தவர்கள் கொஞ்சம் காற்று கேட்பதும் அதில் அடக்கம்.

மூன்றாவது காரியத்துக்குக் காசே ஆகாது. என்றைக்காவது ராத்திரி உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் ‘டமால்’ என்று வெடிக்கும். தெருவே இருண்டு கிடக்கும். உங்கள் வீட்டில் மட்டும் பேட்டரி தயவில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மின்னகத்துக்குப் போகிற முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.